நாலாயிரம்

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது.
அதனால்தான் பொங்கியண்ணனின் செட்டைக் கேட்டு வாங்கினேன்.
பதினெட்டுத் தறிகளுக்கு நடுவே சாக்கு விரித்து,
பாவு உருளைமேல் ஒலிபெருக்கியை ஏற்றி,
சுவரில் சாக்பீஸால் எழுதினேன்:
சாமளாபுரம் அறிவியல் மாலை, எட்டாவது மாதம்.
பொருள்: ஒலி.

போன மாதம் எலுமிச்சம்பழத்தில் மின்சாரம்.
அதற்கு முந்தி நிலா; அன்றைக்கென்று மேகம்.
பன்னிரண்டு பேர் மேகத்தைப் பார்த்தோம், பஜ்ஜி தின்றோம்.
இன்றைக்கு நாற்பத்து மூன்று பேர்.
மழைக்கு ஒதுங்கினவர்களும் அதில் சேர்த்தி.

நான் பாலிடெக்னிக்கில் ஆய்வகப் பொறுப்பு.
பேச்சு எனக்கு வராது, கருவி வரும்.
தகரத் தட்டில் உப்பைத் தூவி ஒலியைத் திறந்தேன்.
உப்பு ஓடிப்போய்க் கோடு கோடாக நின்றது.
"கோலமுங்" என்றாள் ஒருத்தி.
பையன்கள் தொட்டு நக்கிப் பார்த்தார்கள்.

அடுத்தது விளையாட்டு.
கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள்,
சத்தம் கேட்கிறவரை இறக்க வேண்டாம்.
ஐந்நூறு. எல்லாக் கையும் மேலே.
ஆயிரம். இரண்டாயிரம்.
மூவாயிரத்தில் பின்வரிசை கொஞ்சம் அசைந்தது.
நாலாயிரத்தில்
இறங்கின கைகள்,
பாவில் இழை அறுகிற மாதிரி இங்கொன்று, அங்கொன்று,
பிறகு கொத்தாக.
பிள்ளைகளின் கைகள் மட்டும்
அறுத்த காட்டில் விட்டுப்போன சோளத்தட்டு.

எனக்கு அந்த எண் தெரியும்.
இரைச்சல் முதலில் தின்கிற இடம்.
வயர் சோதித்தேன், பேட்டரி மாற்றினேன்,
உப்புகூட வறுத்துத்தான் எடுத்து வந்தேன்;
இந்தச் சத்தத்துக்குள் யார் எத்தனை வருசம் நின்றார்கள் என்று
ஒரு நிமிசம் ரோசிக்கவில்லை.

"பொட்டி கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்" என்றார் பொங்கியண்ணன்.
"மறுக்காப் போடுங்."
போட்டேன். நாலாயிரம்.
"மழைச் சத்தமுங். கதவச் சாத்திப்போட்டுப் பாருங்."
சாத்தினோம். நாலாயிரம்.
மூன்றாம் தடவை அவர் கண்ணை மூடவில்லை.
இறங்குகிற தன் கையையே பார்த்து நின்றார்
அடுத்தவன் கைபோல.
அவரும் தறி ஓட்டித் தறி வாங்கினவர்தான்.

மூன்று முறை, ஒரே விடை.
நல்ல சோதனை இப்படித்தான் இருக்கும் என்று
எட்டு மாதமாய்ச் சொல்லி வருகிறேன்.

எட்டாயிரத்தில் இரண்டு மூன்று கைகள் திரும்ப எழுந்தன.
அதை யாரும் கவனிக்கவில்லை.

"நாலாயிரம்னா வாரக்கூலிங்களா?" என்றான் குழந்தைவேல்.
சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.
தார் சுற்றுகிற மயிலாத்தாள், இருபத்தாறு வருசம் அங்கேயே,
சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்து கேட்டாள்:
"அந்த நாலாயிரத்துல என்னங்க இருக்கும்?"

என்ன இருக்கும்.
குக்கர் கூவுமுன் சீறுகிற சீறல்.
பின்னாலிருந்து பிள்ளை கூப்பிட்டால்
அந்தச் சொல்லில் பாதி.
அப்புறம், சில்வண்டு.

"சில்வண்டுங்களா" என்றாள்.
"மருந்தடிச்சு மருந்தடிச்சு
அதெல்லாஞ் செத்தே போச்சுன்னு இருந்தேனுங்."

தட்டில் மிச்சமிருந்த உப்பை
நான் ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.
பையன்கள் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்து
எவ்வளவு குறைகிறது என்று தாங்களாகவே அளக்கத் தொடங்கினார்கள்.
அவர்களுக்காக ஒரு தறியை ஓடவிட்டார் பொங்கியண்ணன்.
தொண்ணூற்றாறு டெசிபல்.
சுவரில் அவரே எழுதினார்.
காதடைப்பான் என்ன விலை என்றார்.
சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வியாழனின் நிலவுகள்.
நோட்டீஸ் அடித்தாயிற்று.

வயரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது
மழை விட்டிருந்தது.
கிலுவை வேலியோரம் மயிலாத்தாளும் மகள் தாரணியும்.
மகள் இருட்டுக்குள் காது கொடுத்துக்
கையைத் தூக்கினாள்,
இறக்கினாள், மறுபடி தூக்கினாள்,
வெகுநேரம் தூக்கியே வைத்திருந்தாள்.
அம்மா வேலியைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.